ஐந்து சதமும் அறுபது மாடிகளும்: நியூயோர்க் வூல்வேர்த் கட்டடம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கட்டடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றை எழுப்பியவரின் வாழ்க்கை வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். நிறுவியவர் எளிய குடியிற் பிறந்தார், அயராது உழைத்தார், உயர்ந்தார், தமது உயர்வின் சின்னமாக ஒரு கட்டடத்தை நிறுத்தினார் என்பது இவ்வகை எழுத்துக்களின் வாய்பாடு. நியூயோர்க் நகரின் தென்பகுதி வணிக வட்டாரத்தில், நகர மண்டபப் பூங்காவை நோக்கி நிற்கும் வூல்வேர்த் கட்டடம் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வாய்பாடு மிகத் துலக்கமாகக் காணப்படுகின்றது. 1913இல் திறக்கப்பட்ட இக்கட்டடம் 792 அடி உயரமுடையது. 1930 வரை உலகின் அதியுயர் கட்டடமாக விளங்கியது. 1977 முதல் 1981 வரை பெரும் பொருட்செலவிற் புதுக்கப்பட்டது. ஐந்து சதமும் பத்துச் சதமுமாகச் சேர்ந்த பணத்தால் எழுந்த கோபுரம் என்பது இதனைப் பற்றி வழங்கும் பிரபலமான கூற்று.

இக்கூற்று பொய்யன்று. ஆயின், அது தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்துவிடுகின்றது. வாடிக்கையாளர் கொடுத்த ஐந்து சதத்தில் பண்டத்தைச் செய்தவருக்குச் சென்றது எவ்வளவு, அதனை விற்ற பெண்ணுக்குச் சென்றது எவ்வளவு, எஞ்சியது எவ்வழியாக உருக்காகவும் சுடுமண்ணாகவும் உருமாறியது என்ற வினாக்களை எழுப்பும்போதுதான் கட்டடம் வரலாற்றுப் பொருளாகின்றது. 'புதுக்குதல்' என்ற பெயரில் எது மீட்கப்பட்டது, எது மீட்கப்படவில்லை என்பதும் அவ்வினாக்களோடு இணைந்ததே.

பிராங் வின்பீல்ட் வூல்வேர்த் 1852இல் நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியில், றொட்மன் என்னும் ஊரில், ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். கமத்தொழிலில் நாட்டமின்றி 1873இல் வோட்டர்டவுண் நகரின் புடைவைக் கடையொன்றிற் சேர்ந்தார். முதல் மூன்று மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது நிபந்தனை. அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இம்மூன்று மாதங்களை மிகுந்த வாஞ்சையோடு விவரிப்பர். ஏழைச் சிறுவன் நேர்மையாலும் விடாமுயற்சியாலும் செல்வனாகும் கதைகளை ஹொரேஷியோ ஆல்ஜர் என்பார் 1860களின் பிற்பகுதியிலிருந்து தொடர்ச்சியாக எழுதி வந்தார். அமெரிக்க முதலாளித்துவத்தின் வளர்ச்சிக் கட்டத்தில் அக்கதைகள் அடைந்த செல்வாக்கு மிகப் பெரிது. வூல்வேர்த்தின் வாழ்க்கையும் அக்கதை வடிவத்திற்குள்ளேயே வார்க்கப்பட்டது. இலக்கிய வகையொன்று உண்மை மனிதரின் வரலாற்றைத் தன் அச்சிற்கேற்ப வெட்டித் திருத்துவதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அவ்வாறு வெட்டப்பட்டவற்றுள் ஒன்றை மாத்திரம் இங்கு குறிப்பிடலாம். 1879 பெப்ரவரியில் யூற்றிக்கா நகரில் அவர் தமது முதலாவது ஐந்து சதக் கடையைத் திறந்தபோது, அதற்கான பண்டங்களைப் பழைய எசமானர்களிடம் கடனாகவே பெற்றார். அக்கடை சில மாதங்களில் மூடப்பட்டது. அதே ஆண்டு யூன் மாதம் பென்சில்வேனியாவிலுள்ள லங்காஸ்ரர் நகரில் திறந்த கடையே நிலைபெற்றது. எவர் உதவியுமின்றித் தாமே உயர்ந்தவர் என்ற படிமத்தினுள் இக்கடன் வசதியாக மறைந்துவிடுகின்றது.

வூல்வேர்த் புகுத்திய மாற்றத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளல் அவசியம். சாதாரண வணிகத்தில் பண்டத்தின் அடக்கச் செலவை ஒட்டியே அதன் விலை தீர்மானிக்கப்படும். இங்கோ விலை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. ஐந்து சதம், பின்னர் பத்துச் சதமும். அதற்கு மேல் இல்லை. பத்துச் சத எல்லை 1932 வரை நீடித்தது. விலை அசையாது நிற்கும்போது, இலாபம் பெருகவேண்டுமாயின் அசைய வேண்டியது செலவே. அச்செலவு இரண்டு இடங்களிற் குறுக்கப்பட்டது. விற்பவரின் கூலி ஒன்று. செய்பவரின் கூலி மற்றையது.

முதலாவது பற்றி வூல்வேர்த் ஒளிவுமறைவின்றியே எழுதியுள்ளார். 1892இல் தமது கடை முகாமையாளர்களுக்கு அனுப்பிய சுற்றுக்கடிதத்தில், மலிவான வேலையாட்கள் இல்லையேல் மலிவான பண்டங்களை விற்க முடியாது என்று குறிப்பிட்டார். விற்பனைப் பெண்ணொருத்தி வேறிடத்திற் கூடிய சம்பளம் பெறத்தக்க அளவுக்குத் திறமை பெற்றுவிட்டால் அவளைப் போகவிடும்படியும் அறிவுறுத்தினார். இப்பண்டங்களை விற்கத் தேர்ச்சியோ அனுபவமோ வேண்டியதில்லை என்பது அவர் கூறிய காரணம். இதில் தனிமனிதக் கொடூரத்தைத் தேடுவது பயனற்றது. கடையின் அமைப்பே அவ்வாறு இருந்தது. பண்டங்கள் மேசைகளிற் பரப்பப்பட்டிருந்தன. விலை எழுதப்பட்டிருந்தது. பேரம் பேசுதல் இல்லை. கடன் கொடுத்தல் இல்லை. பழைய கடைச் சிப்பந்தியிடம் துணியின் தரம் பற்றிய அறிவும், வாடிக்கையாளரை அறிந்து பேசும் ஆற்றலும் இருந்தன. அவை இப்புதிய அமைப்பிற் பெறுமதியிழந்தன. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவத்தின் கீழ் உழைப்பானது திறனிழந்து செல்லும் போக்கை விரிவாக ஆராய்ந்தார். தொழிற்சாலைக்கு வெளியே, விற்பனை மேசையின் பின்னாலும் அப்போக்கு எத்துணை முன்னதாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு 1892ஆம் ஆண்டுக் கடிதம் சான்றாகும். தாம் மூன்று மாதம் சம்பளமின்றி உழைத்ததை ஓர் இளைஞனின் சோதனைக் காலமாகக் கண்ட ஒருவர், பிறருடைய மலிவான உழைப்பைத் தொழிலின் நிரந்தர விதியாக்கினார்.

இரண்டாவது இடம் கடலுக்கு அப்பால் இருந்தது. 1880களிலிருந்து ஜேர்மனியிற் செய்யப்பட்ட கண்ணாடி நத்தார் அலங்காரப் பொருட்கள் வூல்வேர்த் கடைகளில் விற்பனையாயின. 1890இல் அவர் நேரடியாக ஐரோப்பா சென்று, தூரிங்கியப் பகுதியின் லௌஷா, சொனெபேர்க் முதலான ஊர்களிற் பண்டங்களைத் தெரிவுசெய்தார். கண்ணாடி உருண்டைகளையும் பொம்மைகளையும் குடும்பம் குடும்பமாக வீட்டிலேயே செய்த குடிசைத் தொழிலாளர்களின் பிரதேசம் அது. அங்கிருந்து எழுதிய கடிதத்தில், ஐரோப்பாவின் மிக வறிய மக்களே இவற்றைச் செய்கின்றனர் என்றும், பொருட்களைப் பார்வையிட அழுக்கடைந்த குடில்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது என்றும் அவர் குறிப்பிடுகின்றார். கண்டதை மறைக்காத நேர்மை அவரிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கண்டபின் அவர் செய்தது, பண்டங்களுக்குக் கட்டளை கொடுத்ததே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ஐந்து சதக் கடையை வெறும் சுரண்டற் கூடமாக மட்டும் காண்பது கொச்சை மார்க்சியமாகும். அதுவரை உயர்தரக் கடைகளின் வாயிலிலேயே தயங்கி நின்ற தொழிலாளர் குடும்பங்களும், புதிதாக வந்திறங்கிய குடியேறிகளும் எவரிடமும் கேட்காமல் பண்டங்களைத் தொட்டுப் பார்த்து வாங்கும் உரிமையை அங்கேதான் பெற்றனர். சீப்பு, சவர்க்காரம், நாடா, விளையாட்டுப் பொருள் என அவர்களின் வீட்டுக்குள் வந்த சிறு சிறு பொருட்கள் வாழ்க்கைத் தரத்தின் உண்மையான உயர்வையே குறித்தன. ஒரு தொழிலாளி மலிவாக வாங்குவதற்கு இன்னொரு தொழிலாளி மலிவாக உழைக்க வேண்டியிருந்தது. பல வேளைகளில் இருவரும் ஒருவரே. விற்பனைப் பெண் தன் தங்கைக்குரிய பொம்மையைத் தான் நின்று விற்கும் மேசையிலிருந்தே வாங்கினாள். முரண்பாடு கடைக்கு வெளியே இல்லை. அதன் இயக்கத்தின் உள்ளேயே இருந்தது.

1909இல் லிவர்ப்பூல் நகரில் முதலாவது பிரித்தானியக் கடை திறக்கப்பட்டது. 1912இல் வூல்வேர்த்தின் கடைகளும், உறவினர்களும் பழைய சகாக்களும் தனித்தனியே நடத்திய கடைகளும் ஒன்றிணைக்கப்பட்டன. ஏறத்தாழ 600 கடைகளையும் ஆறரைக் கோடி டொலர் மூலதனத்தையும் கொண்ட ஒரே கம்பனி உருவாகியது. அதன் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவை கோல்ட்மன் சக்ஸ், லீமன் ஆகிய நிதி நிறுவனங்கள். ஹில்பேர்டிங்கின் 'நிதி மூலதனம்' வியன்னாவில் வெளியான ஆண்டு 1910. அதே ஆண்டிலேயே வூல்வேர்த் புறோட்வே வீதியிற் கட்டடத்துக்கான நிலத்தை வாங்கத் தொடங்கினார். இது தற்செயலான ஒற்றுமையே எனினும், சில்லறை வணிக மூலதனமும் வங்கி மூலதனமும் ஒன்றோடொன்று பிணைந்த காலகட்டத்தின் விளைவே இக்கட்டடம் என்பதை நினைவூட்டப் பயன்படும்.

கட்டடத்தின் தோற்றத்தில் ஒரு வங்கிக்கு இருந்த பங்கு பலராலும் மறக்கப்படுகின்றது. ஆரம்பத்தில் இத்திட்டத்தில் ஏர்விங் தேசிய வங்கியும் பங்காளியாக இருந்தது. முதன்மையான குடியிருப்பாளராகவும் அதுவே அமைந்தது. அதன் பங்கைப் பின்னர் வூல்வேர்த் வாங்கிக்கொண்டார். இக்கட்டடம் கம்பனியின் பணத்தாலன்றி வூல்வேர்த்தின் சொந்தப் பணத்தால் எழுந்தது. ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் டொலர் செலவாயிற்று. ஈட்டுக்கடன் எதுவும் பெறப்படவில்லை என்பது அவருடைய பெருமை. மேலும் கவனிக்கத்தக்க செய்தி, கம்பனியின் அலுவலகம் ஏறக்குறைய ஒன்றரை மாடியில் அடங்கிவிட்டது என்பதாகும். அறுபது எனக் கணக்கிடப்பட்ட மாடிகளில் எஞ்சியவை அனைத்தும் வாடகைக்குரியவை. கட்டடக்கலைஞரான காஸ் கில்பேர்ட் 1900இலேயே, வானளாவிய கட்டடம் என்பது நிலத்தை வருவாய் தரச்செய்யும் ஓர் இயந்திரம் என வரைவிலக்கணம் செய்திருந்தார். நிலவாடகை பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிற் பல அதிகாரங்களில் விளக்கியதை ஒரு கட்டடக்கலைஞர் தம் தொழில் அனுபவத்தால் ஒரே வாக்கியத்தில் எட்டிப்பிடித்தமை வியப்புக்குரியது. கடைப் பெண்ணின் உழைப்பிலிருந்து உறிஞ்சப்பட்ட உபரிப் பெறுமதி, நிலத்தின் மேல் அடுக்கப்பட்டு வாடகையாக மறுபிறவி எடுத்தது. அதே வேளையில் கோபுரத்தின் உயரம் அறுநூறு கடைகளுக்கும் செலவில்லாத விளம்பரமுமாயிற்று.

இனி, கட்டியோர் பற்றி. அடியிலுள்ள பாறையை எட்டுவதற்கு 69 பெருங்கூடுகள் நூறடிக்கும் மேலான ஆழத்துக்கு இறக்கப்பட்டன. நிலத்தடி நீர் உட்புகாதவாறு அமுக்கிய காற்றுச் செலுத்தப்பட்ட அக்கூடுகளினுள் நின்று தொழிலாளர் மண்ணைத் தோண்டினர். அமுக்கத்திலிருந்து விரைந்து வெளியேறினால் இரத்தத்திற் காற்றுக் குமிழிகள் தோன்றி மூட்டுக்களை முறுக்கும், முடமாக்கும், உயிரையும் குடிக்கும். அத்தொழிலின் பெயராலேயே அந்நோய் அழைக்கப்பட்டது. மேலே கொதிக் பாணியில் விண்ணை நோக்கி நீளும் கோடுகளைப் பார்த்து வியப்போர் கீழே உள்ள இந்த ஆழத்தை நினைப்பதில்லை. அக்கோடுகள் உண்மையிலேயே அழகானவை. உருக்குச் சட்டகத்தைப் போர்த்த பாலேட்டு நிறச் சுடுமண் பலகைகள் அத்லாந்திக் சுடுமண் கம்பனியின் சூளைகளில் வார்க்கப்பட்டவை. நீலமும் பச்சையும் மஞ்சளும் அவற்றில் இழையோடுகின்றன. மத்தியகால ஐரோப்பியக் கைவினைஞரின் கல் வேலைப்பாட்டைத் தொழிற்சாலை அச்சுக்களிற் பிறப்பித்த தொழிலாளரின் தேர்ச்சி அங்கே நிலைத்து நிற்கின்றது. முதலாளியின் பெருமிதத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் அத்தேர்ச்சி முதலாளியுடையதாகிவிடாது.

1913 ஏப்ரல் 24ஆந் திகதி மாலை, சனாதிபதி வூட்றோ வில்சன் வாஷிங்டனிலிருந்து ஒரு பொத்தானை அழுத்த, கட்டடத்தின் எண்பதினாயிரம் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. கட்டடக்கலைஞரைக் கௌரவித்து இருபத்தேழாம் மாடியில் நடைபெற்ற விருந்துக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் பேர் வந்திருந்தனர். பாதிரியார் பாக்ஸ் காட்மன் இதனை 'வணிகத்தின் தேவாலயம்' எனப் போற்றினார். அப்பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. முன்மண்டபமும் அதற்கேற்பச் சிலுவை வடிவிலே வகுக்கப்பட்டுள்ளது. வளைகூரையிற் பல்வண்ணச் சில்லுப் பதிப்பு மின்னுகின்றது.

அம்மண்டபத்தின் சிற்பங்கள் ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசிக்கத்தக்கவை. தாங்குகற்களிற் கேலிச்சித்திரப் பாங்கான உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றில் வூல்வேர்த் நாணயங்களை எண்ணிக்கொண்டிருக்கின்றார். இன்னொன்றில் கில்பேர்ட் கட்டடத்தின் மாதிரியுருவை அணைத்துப் பிடித்துள்ளார். பொறியியலாளர் கன்வால்ட் அவுஸ் உருக்குச் சட்டமொன்றை அளக்கின்றார். வங்கித் தலைவர், வாடகை முகவர், ஒப்பந்தக் கம்பனியின் தலைவர் ஆகியோருக்கும் இடமுண்டு. மூலதனம், நிலவாடகை, வங்கி, தொழில்நுட்பம் என்னும் கூட்டு இங்கே தன்னைத் தானே சித்திரித்துக்கொள்கின்றது, அதுவும் சிரித்துக்கொண்டே. மேல்மாடத்தில் ஜெனவைன் தீட்டிய இரு சுவரோவியங்கள் உள்ளன. ஒன்றின் பெயர் 'வணிகம்'. மற்றையதன் பெயர் 'உழைப்பு'. ஆக, உழைப்பு இம்மண்டபத்தில் இல்லாமலில்லை. ஆனால், உடைமையாளருக்கும் அவர்தம் துணைவருக்கும் இனங்காணத்தக்க முகங்கள் கிடைக்க, உழைப்புக்குக் கிடைத்தது உருவகமே.

வூல்வேர்த் 1919இல் காலமானார். 1924இல் அவருடைய வாரிசுகள் கட்டடத்தைக் கம்பனியின் துணை நிறுவனமொன்றுக்கு விற்றனர். பேர்த்தி பார்பரா ஹட்டன் 1933இல் இருபத்தொரு வயதை எட்டியபோது பல கோடி டொலருக்கு உரித்தாளியானார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் அவருடைய ஆடம்பரங்களும் திருமணங்களும் பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பெற்றன. கடைப் பெண்கள் அவற்றைப் படித்துக்கொண்டுதான் இருந்தனர். 1937 பெப்ரவரி 11இல் பிளின்ற் நகர மோட்டார்த் தொழிலாளர் உள்ளிருப்புப் போராட்டத்தில் வெற்றியீட்டினர். இரண்டு வாரம் கழித்து, பெப்ரவரி 27இல், டெற்றொயிற் நகரின் வூட்வேர்ட் வீதி வூல்வேர்த் கடையில் நூற்றுக்கு மேற்பட்ட இளம் பெண்கள் விற்பனை மேசைகளை விட்டு விலகி நின்றனர். கடையை விட்டு வெளியேற மறுத்து, இரவிலும் அங்கேயே படுத்துறங்கினர், பாடினர், ஆடினர். தமது வாரக் கூலியையும் ஹட்டனின் செல்வத்தையும் ஒப்பிட்டுப் பேசினர். பரிசாரகர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஏழே நாட்களில் கம்பனி பணிந்தது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, சீருடைகளைச் சலவை செய்யும் செலவைக் கம்பனி ஏற்றது, வாரத்தில் 48 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி நிச்சயிக்கப்பட்டது. மணித்தியாலக் கூலி ஐந்து சதத்தால் உயர்ந்தது. டெற்றொயிற் நகரின் ஏனைய வூல்வேர்த் கடைகளுக்கும் இவ்வுடன்பாடு விரிவாக்கப்பட்டது. தேர்ச்சி வேண்டியதில்லை என 1892இல் ஒதுக்கப்பட்ட பெண்களின் வழித்தோன்றல்களே இதனைச் சாதித்தனர்.

கம்பனியின் வரலாற்றில் இன்னொரு மேசையும் உண்டு. தென் மாநிலங்களின் வூல்வேர்த் கடைகளிற் கறுப்பின மக்கள் எந்தப் பண்டத்தையும் வாங்கலாம். அவர்களின் ஐந்து சதத்துக்கு நிறவேற்றுமை இல்லை. ஆனால், அதே கடையின் உணவு மேசையில் அமர்ந்து ஒரு கோப்பை கோப்பி அருந்த முடியாது. 1960 பெப்ரவரி 1இல் வட கரோலைனாவின் கிறீன்ஸ்பரோ நகரில் ஏசெல் பிளேயர், டேவிட் றிச்மண்ட், பிராங்ளின் மக்கெயின், ஜோசப் மக்நீல் என்னும் நான்கு கறுப்பின மாணவர் முதலில் சில சிறு பொருட்களை வாங்கினர். பின்னர் உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். கொடுக்கப்படவில்லை. கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தனர். சில வாரங்களில் தென் மாநிலங்களெங்கும் இத்தகைய போராட்டங்கள் பரவின. நியூயோர்க் உட்பட வடபுல நகரங்களிலும் வூல்வேர்த் கடைகளின் முன் மறியல் நிகழ்ந்தது. யூலை 25இல் கிறீன்ஸ்பரோ மேசை அனைவருக்கும் திறக்கப்பட்டது. தலைமைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தீர்மானிக்கப்பட்ட நடைமுறையை, கடைக்கோடியிலிருந்த மேசையொன்று மாற்றியமைத்தது.

இனிப் புதுக்குதலுக்கு வருவோம். சுடுமண் பலகைகளின் இடுக்குகளால் நீர் புகுந்து, அவற்றைப் பிணைத்த இரும்புக் கொளுக்கிகள் துருவேறின. பலகைகள் வெடித்தன. 1977இல் தொடங்கிய திருத்த வேலையில் ஏறத்தாழ 26,000 பலகைகள் அகற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் பெரும்பாலும் கொங்கிறீற்றால் வார்க்கப்பட்ட பிரதிகள் பொருத்தப்பட்டன. உச்சியை அண்டிய சிறு கோபுரங்கள் அலுமினியத் தகட்டால் மூடப்பட்டன. நான்கு ஆண்டுகளில் வேலை முடிந்தது. 1983இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் ஒன்றாக இக்கட்டடம் அறிவிக்கப்பட்டது. ஆனால், கடைகள் நிலைக்கவில்லை. அவற்றை மலிவிற் பிறந்த பெருங்கடைகள் மேலும் மலிவால் வென்றன. 1997இல் அமெரிக்காவில் எஞ்சியிருந்த நானூறுக்கு மேற்பட்ட வூல்வேர்த் கடைகள் மூடப்பட, ஏறத்தாழ 9,200 பேர் வேலையிழந்தனர். மறு ஆண்டு கோபுரம் பதினைந்தரைக் கோடி டொலருக்கு விற்கப்பட்டது. 2012இல் அதன் மேல் முப்பது மாடிகளை ஒரு முதலீட்டுக் குழு ஆறு கோடியே எண்பது லட்சம் டொலருக்கு வாங்கி, ஆடம்பர வீடுகளாக மாற்றத் தொடங்கியது. உச்சி வீட்டுக்கு 2017இற் கேட்கப்பட்ட விலை பதினொரு கோடி டொலர். முதலில் முழுக் கட்டடத்துக்கும் செலவான தொகையின் எட்டு மடங்கு அது. டொலரின் பெறுமதி இடையில் வீழ்ந்தமையைக் கணக்கிற் கொண்டாலும், ஒரு வீட்டுக்கு இது பெருந்தொகையே. கில்பேர்ட்டின் இயந்திரம் நூறாண்டுக்குப் பின்னும் ஓயவில்லை.

கிறீன்ஸ்பரோவின் கதி வேறு. 1929இல் எழுந்த அக்கடை 1993இல் மூடப்பட்டபோது, அவ்விடத்தில் வாகனத் தரிப்பிடம் அமைக்கும் பேச்செழுந்தது. உள்ளூரைச் சேர்ந்த கறுப்பினத் தலைவர் இருவர் ஓர் அமைப்பை உருவாக்கிக் கட்டடத்தை வாங்கினர். அதனைப் புதுக்குவதற்கு வங்கி மூலதனம் முந்திக்கொண்டு வரவில்லை. நன்கொடையாகவும் மானியமாகவும் சிறுகச் சிறுகப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. மேசையின் ஒரு துண்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருளகத்துக்குச் சென்றது. எஞ்சிய பகுதி இருந்த இடத்திலேயே விடப்பட்டது. நியூயோர்க் கோபுரத்தின் முகப்பைத் திருத்த நான்கு ஆண்டுகள் போதுமாயிருந்தன. கிறீன்ஸ்பரோக் கடை குடியியல் உரிமை அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது, பதினேழு ஆண்டுகள் கழித்து, 2010 பெப்ரவரி 1இல்.